பிரித்தானியாவில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டிருக்கிறீர்களா? வைத்தியமும் மனநல உதவியும் பெறும் வழி

அசைலம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் எங்கள் ஆட்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "முதல்ல கேஸ் முடியட்டும், பிறகு பாப்பம்." கேஸ் முடிய மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதற்குள் சீனி கூடிவிடும், நித்திரை கெட்டுவிடும், மனம் சோர்ந்துவிடும். அடிபட்ட உடம்பும் கலங்கிய மனமும் வைத்தியரின் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால், உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸ் நடத்தும் நேர்காணலில் நீங்கள் சொல்வதற்குப் பக்கபலமாக ஒரு தாள்கூட இருக்காது. ஆகவே வைத்தியத்தை வந்த முதல் வாரத்து வேலையாகவே எடுங்கள்.

கீழே இருப்பவை இங்கிலாந்து நடைமுறை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். தொகைகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வாரத்திலேயே ஜி.பி.யில் பதியுங்கள்

எல்லாக் கதவுக்கும் சாவி ஜி.பி. என்ற குடும்ப வைத்தியர்தான். ஆஸ்பத்திரி நிபுணரிடம் போவதென்றாலும், மனநலப் பிரிவுக்கு அனுப்புவதென்றாலும், சட்டத்தரணிக்கு வைத்தியப் பதிவு வேண்டுமென்றாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பதிவதற்குச் செலவு இல்லை. வைத்தியரைப் பார்க்கவும் செலவு இல்லை. இது கேஸ் நடப்பவர், மறுக்கப்பட்டவர், விசா முடிந்தவர் எல்லோருக்கும் பொருந்தும்.

என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் பக்கத்திலுள்ள வைத்திய நிலையங்கள் வரும். அங்கேயே இணையவழியில் பதியலாம். இல்லையென்றால் நேரில் போய்ப் பதிவுப் படிவம் கேளுங்கள். பல இடங்களில் அதை ஜி.எம்.எஸ்.1 என்பார்கள்.

பதியப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. முகவரி அத்தாட்சி கட்டாயமில்லை. விசா நிலையும் கேட்கத் தேவையில்லை. இது என்.எச்.எஸ்.சின் சொந்த வழிகாட்டல். ஆனாலும் வரவேற்பு மேசையில் இருப்பவர் கரண்ட் பில் கேட்பார், பாஸ்போர்ட் கேட்பார். பாஸ்போர்ட் ஹோம் ஒஃபிஸிடம் இருக்கும், கரண்ட் பில் ஹோம் ஒஃபிஸ் தங்கவைத்த ஹோட்டலில் இருப்பவருக்கு எங்கிருந்து வரும்? பலர் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

- ஏ.ஆர்.சி. கார்ட் (அசைலம் கேட்டவருக்கு ஹோம் ஒஃபிஸ் தரும் அடையாள அட்டை) இருந்தால் காட்டுங்கள். தங்குமிடக் கடிதம் இருந்தால் அதையும் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றாலும் பதியக் கேட்கலாம்.
- "வைத்தியம் பெற எனக்கு உரிமை உண்டு" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறிய என்.எச்.எஸ். அட்டை இருக்கிறது. அகதி உதவி அமைப்புகளிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருங்கள். வாக்குவாதம் செய்யாமல் அதை நீட்டினால் போதும்.
- மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டியது அவர்களின் கடமை. எழுத்தில் கேட்டவுடனேயே பல இடங்களில் பதிவு நடந்துவிடும்.
- அப்படியும் நடக்கவில்லை என்றால் டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் அமைப்பின் பிரித்தானியக் கிளையைத் தொடர்புகொள்ளுங்கள். உங்களுக்காக அந்த நிலையத்துடன் அவர்களே பேசுவார்கள். காசு வாங்குவதில்லை.

படிவம் நிரப்பும்போது கவனிக்க வேண்டியது பெயர். எங்கள் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்பது ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஏ.ஆர்.சி.யில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயராக விழுந்திருக்கும், ஜி.பி. படிவத்தில் உங்கள் பெயரை அந்த இடத்தில் எழுதியிருப்பீர்கள். பிறகு கணினியில் இரண்டு ஆட்கள், இரண்டு என்.எச்.எஸ். எண்கள். ஸ்கான் முடிவு ஒரு கோப்பிலும் மருந்து விபரம் இன்னொன்றிலும் கிடக்கும். சட்டத்தரணி பதிவு கேட்டால் பாதிதான் வரும். ஏ.ஆர்.சி.யில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள், அதில் பிழை இருந்தாலும்கூட. பிழையைத் திருத்துவது தனி வேலை. அதைச் சட்டத்தரணி மூலம் ஹோம் ஒஃபிஸில் முதலில் திருத்திவிட்டு மற்ற இடங்களில் மாற்றுங்கள். பிறந்த திகதியிலும் இதே கவனம் வேண்டும். நாள் முன்னால், மாதம் பின்னால்.

இன்னொரு பொறி "தற்காலிகப் பதிவு". ஹோட்டலில் இருப்பவரைச் சிலவேளை அப்படிப் பதிந்துவிடுவார்கள். அதன்படி பதிந்தவருக்கு முழுக் கோப்பு உருவாகாது. மூன்று மாதத்துக்கு மேல் அந்த இடத்தில் இருக்கக்கூடும் என்றால் நிரந்தரப் பதிவு கேளுங்கள்.

பதிந்தபின் முதல் பரிசோதனைக்குப் போகும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசைகளைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். நிறத்தையும் வடிவத்தையும் சொன்னால் வைத்தியருக்குப் பிடிபடாது, பெட்டியில் உள்ள மருந்தின் பெயர்தான் தேவை. சீனியும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் விடுபட்டுப் போகலாம்.

2. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்

என்.எச்.எஸ்.சில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். ஆனால் கேட்டால்தான் வருவார். நேரம் பதியும்போதே "ஐ நீட் அ டமில் இன்டர்பிரிட்டர்" என்று சொல்லுங்கள், அதை உங்கள் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள். கூடவே இரட்டை நேரம் கேளுங்கள். சாதாரணச் சந்திப்பு பத்து நிமிடம் அளவில் முடிந்துவிடும். மொழிபெயர்த்துப் பேசினால் அதில் பாதிதான் உங்களுக்கு மிஞ்சும்.

இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஆணா பெண்ணா என்பதையும் சொல்லலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், ஆண்களும் சேர்த்துத்தான், இதை முன்கூட்டியே சொல்லுங்கள். வந்தபின் சொல்வது கடினம்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். தாய் சொல்ல வந்ததைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லமாட்டார். அப்படியே சொன்னாலும் பிள்ளை அதைத் தாங்காது. கணவன் மனைவிக்கு மொழிபெயர்ப்பதும் பல விடயங்களை மூடிவிடும்.

"மொழிபெயர்க்க வாறவர் எங்கட ஆள், விசயம் வெளியில போயிடும்" என்ற பயம் உண்மையானது. அதை யாரும் சின்னதாக நினைக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் நாட்டின் வேறு மூலையில் இருப்பார். உங்கள் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புச் சரியில்லை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, வேறு ஆளைக் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வந்தால், சொல்லாததும் தவறாகச் சொன்னதும் பதிவில் ஏறிவிடும்.

3. எச்.சி.2 சான்றிதழ்: இது இல்லாமல் மருந்தகத்துக்குப் போகாதீர்கள்

வைத்தியரைப் பார்க்க இலவசம், ஆனால் இங்கிலாந்தில் மருந்துக்குக் காசு உண்டு. ஒரு மருந்துக்கு 9.90 பவுண். நான்கு மருந்து எழுதினால் ஏறக்குறைய ஒரு வாரக் காசு போய்விடும். எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்து, என்.எச்.எஸ். பல் வைத்தியம், கண் பரிசோதனை எல்லாம் இலவசம். கண்ணாடிக்கு வவுச்சரும், நிபுணரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவும் கிடைக்கும். (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்து எல்லோருக்கும் இலவசம்.)

பெறும் வழி இரண்டு:

ஹோம் ஒஃபிஸின் உதவியில் இருப்பவருக்கு, அதாவது வாராந்தக் காசோ தங்குமிடமோ பெறுபவருக்கு, சான்றிதழ் தானாக வர வேண்டும். வரவில்லை என்றால் அசைலம் கேட்டவர்களுக்கு உதவும் மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பை 0808 8010 503 என்ற எண்ணில் அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம். மொழி கேட்கும்போது "டமில்" என்று சொல்லுங்கள். காத்திருக்க வேண்டிவரும். அழைத்த நாள், நேரம், அவர்கள் தந்த குறிப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் இருப்பவர், ஹோம் ஒஃபிஸ் உதவி எடுக்காதவர், தாங்களே எச்.சி.1 படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்களில் அண்ணா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருப்பவர்கள் மிக அதிகம். அவர்களில் பலருக்கு இப்படியொரு சான்றிதழ் இருப்பதே தெரியாது. அசைலம் கேட்டிருக்கிறீர்கள், வருமானம் இல்லை, யார் சாப்பாடும் இருப்பிடமும் தருகிறார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வெறும் பூச்சியம் என்று எழுதி விளக்கம் இல்லாமல் அனுப்பினால் "எப்படி வாழ்கிறீர்கள்?" என்று கேட்டுத் திரும்பி வரும், வாரங்கள் வீணாகும். வீட்டுக்காரரின் வருமானத்தை உங்கள் வருமானமாக எழுத வேண்டாம். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் கிடைக்காது.

சான்றிதழ் வருவதற்குள் மருந்துக்குக் காசு கட்ட வேண்டிவந்தால், கட்டும்போதே எஃப்.பி.57 என்ற பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பின்னர் போய்க் கேட்டால் தரமாட்டார்கள். அது இருந்தால் அதில் சொல்லியிருக்கும் முறைப்படி மூன்று மாதத்துக்குள் காசைத் திரும்பப் பெறலாம். ஆஸ்பத்திரிப் பயணச் செலவுக்கும் மூன்று மாதக் கெடுதான். பஸ், ரயில் ரிக்கற்றையும் சந்திப்புக் கடிதத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

முடிவுத் திகதியைப் பாருங்கள். காலாவதியான சான்றிதழைக் காட்டி மருந்து எடுத்தால் பிறகு தண்டக் கடிதம் வரும். மருந்தின் விலையோடு அதன் ஐந்து மடங்கு, கூடினால் 100 பவுண் வரை தண்டம். முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கக் கேளுங்கள்.

பல்லுக்குப் போகும்போது, கதிரையில் இருக்கும் முன் "இது என்.எச்.எஸ். வைத்தியம்தானே?" என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். அதே வைத்தியர் தனியாராகவும் செய்வார். தனியார் பில்லுக்கு எச்.சி.2 செல்லாது.

4. வாராந்தக் காசும் தங்குமிடமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, அசைலம் சட்டத்தின் 95ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஏ.எஸ்.எஃப்.1. மைக்ரன்ட் ஹெல்ப் நிரப்ப உதவும். அடுத்த 14 நாளுக்குள் இருக்க இடமோ அத்தியாவசியச் செலவுக்குக் காசோ இல்லாமல் போகும் நிலையைக் காட்ட வேண்டும். சமைக்கும் வசதியுள்ள இடத்தில் ஆளுக்கு வாரம் 49.18 பவுண், சாப்பாடு தரும் ஹோட்டலில் 9.95 பவுண். கர்ப்பிணிக்கும் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் வாராந்தம் சிறு மேலதிகத் தொகை உண்டு. பிரசவத்துக்கு ஒருதடவை 300 பவுண். இவை கேட்காமல் வருவதில்லை. கர்ப்பச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்தக்காரர் வீட்டிலேயே இருந்துகொண்டு காசு மட்டும் கேட்கவும் முடியும். வீட்டுக்காரர் எதுவரை உதவ முடியும், எதற்கு முடியாது என்று கையெழுத்திட்ட கடிதம் இணையுங்கள். வங்கிக் கணக்கு எதையும் மறைக்காதீர்கள். ஊரிலுள்ள கணக்கும் இதில் சேரும்.

காசு, ஹோம் ஒஃபிஸ் தரும் அஸ்பென் கார்ட் என்ற காசு அட்டையில் விழும். அந்தக் கார்டை எங்கே பாவிக்கிறீர்கள் என்பது ஹோம் ஒஃபிஸுக்குத் தெரியும் என்பதை நினைவில் வைத்திருங்கள். தங்குமிடத்தை விட்டு நாட்கணக்கில் வெளியே இருந்தால் உதவி நிறுத்தப்படலாம். ஆஸ்பத்திரியில் இருந்தால் அதற்கான கடிதத்தை உடனே அனுப்புங்கள்.

5. மனம் சரியில்லை என்றால்

நித்திரை வராது. வந்தாலும் திடுக்கிட்டு எழும்பும். சீருடையைக் கண்டால் கை நடுங்கும். நெஞ்சு அடைக்கும். பிள்ளைகள் மீது காரணமில்லாமல் கோபம் வரும். இவை பயங்கரத்தைக் கடந்துவந்த உடம்பில் வரும் நோய்க்குறிகள், வைத்தியம் உள்ளவை. இதற்காக உதவி கேட்பதால் பைத்தியம் என்ற பெயர் வராது. கேஸுக்கும் பாதகம் இல்லை.

ஜி.பி.யிடம் சொல்லும் முறையில்தான் பலர் வழி தவறுகிறார்கள். "நெஞ்சு நோகுது" என்று மட்டும் சொன்னால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். "தலையிடி" என்றால் பரசிட்டமோல் தருவார்கள். பரிசோதனை எல்லாம் சரி என்று வந்ததும் கோப்பு மூடப்படும். மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: என்ன செய்கிறது, எப்போதிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது. "தடுத்து வைத்து அடித்தார்கள், அந்த வருடத்திலிருந்து நித்திரை இல்லை" என்ற ஒரே வசனம் போதும். முழுக் கதையையும் முதல் நாளே சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் பதிவில் ஏற வேண்டும். அதன் திகதி பின்னாளில் உங்களுக்குப் பெறுமதியானது.

ஒன்பது கேள்வியும் ஏழு கேள்வியும் கொண்ட இரண்டு தாள்கள் தருவார்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். மரியாதைக்காகக் குறைத்துப் போடாதீர்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. வந்தால் வருகிறது என்றே குறியுங்கள். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு விரைவாக உதவ வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள்.

அடுத்து எங்கே அனுப்புவார்கள்?

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். டோக்கிங் தெரபீஸ் என்ற பேச்சுவழிச் சிகிச்சைச் சேவைக்கு ஜி.பி. இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். தொலைபேசியிலோ இணையத்திலோ பதியும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறியுங்கள். நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. முதல் சந்திப்பு சீக்கிரம் கிடைக்கும், இரண்டாவதுக்கு இழுபடும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுபவர் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். இந்தச் சேவைகள் மறைத்த எண்ணிலிருந்துதான் பெரும்பாலும் அழைக்கும். இரண்டு முறை எடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதும் உண்டு.

"உங்கள் அசைலம் கேஸ் முடிந்து வாழ்க்கை நிலையானபின் வாருங்கள்" என்று சிலர் திருப்பி அனுப்புவார்கள். இதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பேரதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல் நோய்க்கு சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் என்ற அரச நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், நீதிமன்ற வழக்கைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. அதைச் சொல்லி, காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கென்றே இருப்பவை ஃப்ரீடம் ஃபுரொம் டோர்ச்சர் அமைப்பும் லண்டனிலுள்ள ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷனும். முதலாவதுக்கு லண்டன், மன்செஸ்டர், நியூகாசில், பேர்மிங்ஹாம், கிளாஸ்கோ ஆகிய நகரங்களில் நிலையங்கள் உண்டு. ஜி.பி.யோ சட்டத்தரணியோ எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எல்லோரையும் எடுக்க அவர்களுக்கு இடம் இருப்பதில்லை, காத்திருப்பும் நீளம். அதனால் இங்கே பெயர் கொடுத்துவிட்டு என்.எச்.எஸ். பட்டியலிலிருந்து விலகாதீர்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

இந்தச் சிகிச்சை குளிசையால் மட்டும் முடிவதில்லை. நடந்ததைப் பற்றிப் பயிற்சி பெற்றவரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்து, அதன் பிடியைத் தளர்த்துவதுதான் அடிப்படை. வழமையாக 8 முதல் 12 அமர்வுகள், பல சம்பவங்களுக்கு ஆளானவருக்குக் கூடவும் ஆகலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் கனவுகள் கூடும். பலர் "இது இன்னும் மோசமாக்குது" என்று நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். நிறுத்தும் முன் சிகிச்சையாளரிடம் அதையே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்.

மனச்சோர்வுக் குளிசை தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாள் "ஒண்டும் செய்யேல்லை" என்று விடாதீர்கள். குணமானதும் சடுதியாக நிறுத்தவும் கூடாது. ஊரிலிருந்து நித்திரைக் குளிசை எடுப்பித்துப் போடுவது ஆபத்து. அளவும் தெரியாது, இங்கே தரும் மருந்தோடு ஒத்துக்கொள்ளுமா என்பதும் தெரியாது.

உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். மனநல அவசரப் பிரிவு வரும், எந்த நேரத்திலும். "டமில் இன்டர்பிரிட்டர் பிளீஸ்" என்று சொல்லிவிட்டு இணைப்பில் இருங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. அங்கே பார்ப்பதற்குக் காசு இல்லை.

ஊரில் காணாமற்போன உறவைத் தேடுவோருக்கு: பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் குடும்பத் தேடலை இலவசமாகச் செய்கிறது. தகவல் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பதிந்து வைப்பது நல்லது.

6. காயங்களுக்கு வைத்தியச் சட்ட அறிக்கை

உடம்பில் தழும்பு இருப்பவர், தடுப்பில் வதைபட்டவர், இதை நேர்காணலுக்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்ல வேண்டும். அவர்தான் நிபுணரிடம் அனுப்புவார். அசைலம் வழக்குக்கு அரச சட்ட உதவி கிடைக்கும். தகுதியுள்ளவருக்கு அறிக்கைச் செலவையும் அதிலிருந்து பெற முடியும். உங்களிடம் நேரடியாக நூற்றுக்கணக்கில் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். குடிவரவு ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாகவோ, ஐ.ஏ.ஏ. என்ற குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். பதியாதவர் ஆலோசனை சொல்வது குற்றம். கடைக்குப் பின்னால் மேசை போட்டு "கேஸ் எழுதித் தாறன்" என்பவரிடம் உங்கள் உயிர்க்கதையைக் கொடுக்காதீர்கள்.

ஜி.பி. எழுதும் ஒருபக்கக் கடிதமும் இந்த அறிக்கையும் ஒன்றல்ல. நிபுணர் ஒவ்வொரு தழும்பையும் அளந்து, நீங்கள் சொல்லும் காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று இஸ்தான்புல் நெறிமுறை என்ற, சித்திரவதையைப் பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டலின் ஐந்து படிகளில் ஒன்றைக் குறிப்பார்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இதற்கே உரிய தோற்றம், வேறு காரணம் இருக்க முடியாது. இலங்கையர் ஒருவரின் வழக்கில் 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இத்தகைய அறிக்கைகளின் எடையை உறுதிப்படுத்தியிருக்கிறது. சூடு போட்ட தழும்புகள் பற்றிய வழக்கு அது.

போகும் முன் ஒரு தாளில் தலை முதல் கால் வரை எல்லாத் தழும்பையும் எழுதுங்கள். எது எந்தச் சம்பவத்தில் வந்தது, எது தெரியாது, எது சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தது, எது அம்மை. விழுந்த தழும்பை விழுந்தது என்று சொல்பவரின் மற்றச் சொல்லும் நிற்கும். எல்லாமே சித்திரவதை என்றால் அறிக்கை முழுவதும் பலவீனமாகும். முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன வடு, எப்படி வந்தது என்று ஞாபகமில்லை என்றால் "ஞாபகமில்லை" என்பதே சரியான பதில்.

ஜி.பி. பதிவின் முழுப் பிரதியையும் இப்போதே கேட்டு எடுங்கள். சட்டப்படி இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வாசித்துப் பாருங்கள், அல்லது தெரிந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள். "2009" என்று நீங்கள் சொன்னது "2019" என்று ஏறியிருந்தால் அதை நீங்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஹோம் ஒஃபிஸ் கண்டுபிடித்தபின் விளக்குவது வேறு கதை. திருத்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

தடுப்பு முகாமுக்குள் இருப்பவர், தாம் சித்திரவதைக்கு ஆளானவர் என்று அங்குள்ள வைத்தியரிடம் சொல்லி, அதை அவர் ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிக்கும் விதி 35 அறிக்கையைக் கேட்க வேண்டும்.

7. ஹோம் ஒஃபிஸ் இடம் மாற்றினால்

ஒருநாள் அறிவித்தலில் லண்டனிலிருந்து வேறு நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காத்திருப்புப் பட்டியலில் ஒரு வருடம் நின்றது ஒரே கடிதத்தில் கரைந்து போவது இப்படித்தான்: சந்திப்புக் கடிதம் பழைய ஹோட்டலுக்குப் போகும், நீங்கள் வரவில்லை என்று பெயரை எடுத்துவிடுவார்கள்.

புதிய முகவரியை ஆஸ்பத்திரி, மனநலச் சேவை, சட்டத்தரணி, ஹோம் ஒஃபிஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அறிவியுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்வார் என்று நம்பாதீர்கள். என்.எச்.எஸ். எண்ணையும் போட்டுக்கொண்டிருக்கும் மருந்துப் பட்டியலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புதிய இடத்தில் உடனே ஜி.பி.யில் பதியுங்கள். கோப்பு வர நாள் எடுக்கும், மருந்து முடிய விடக்கூடாது. சித்திரவதையின் பாதிப்புக்கான சிகிச்சையோ டயலிசிஸோ பிரசவமோ நெருங்கியிருந்தால், இடமாற்றத்தைத் தள்ளிவைக்கும்படி வைத்தியரின் கடிதத்தோடு மைக்ரன்ட் ஹெல்ப் மூலம் கேளுங்கள். பயண நாளுக்கு முன் கேட்க வேண்டும்.

8. அசைலம் மறுத்துவிட்டால்

மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். அன்றைக்கே சட்டத்தரணியை அழையுங்கள். மேன்முறையீடு நடக்கும்வரை ஆஸ்பத்திரி இலவசமே.

எல்லா வழியும் முடிந்தபின்னும் ஜி.பி.யும் அவசரப் பிரிவும் இலவசம். ஆஸ்பத்திரியின் மற்றப் பிரிவுகளில் இங்கிலாந்து கட்டணம் கேட்கும், அதுவும் சாதாரணச் செலவின் 150 வீதம். மறுக்கப்பட்டவர் சிலருக்கு ஹோம் ஒஃபிஸ் தரும் 4ஆம் பிரிவு உதவியில் இருப்பவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. மறுப்புக்கு முன் தொடங்கிய சிகிச்சையும் முடியும்வரை இலவசம். சித்திரவதையாலோ பாலியல் வன்முறையாலோ வந்த பாதிப்புக்கான சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை, ஆனால் இதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் மறுக்கப்பட்டவரிடமும் கட்டணம் எடுப்பதில்லை.

பிரசவம் போன்ற உடனடிச் சிகிச்சையைக் காசு இல்லை என்று மறுக்கக்கூடாது. பில் பின்னர் வரலாம். வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். 500 பவுணுக்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதம் தீராமல் இருந்தால் ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிப்பார்கள். மாதம் ஐந்து பவுண் என்றாலும் தவணை ஒழுங்கு செய்து எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன், அந்தக் கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்பதையே ஒருமுறை சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பிழையாகப் போட்ட பில்கள் இருக்கின்றன.

9. கிடைத்துவிட்டால், அடுத்த 28 நாள்

அகதி அந்தஸ்து கிடைத்த மகிழ்ச்சியில் பலர் கவனிக்காதது, ஹோம் ஒஃபிஸின் காசும் வீடும் நிற்கப்போகிறது என்பதை. வழமையான கால எல்லை 28 நாள். உங்களுக்கு எந்த நாள் என்பது கடிதத்தில் இருக்கும், அதையே கணக்கில் எடுங்கள்.

ஈ-விசா என்ற இணையவழி விசாக் கணக்கைத் திறந்து பெயர், பிறந்த திகதி சரிதானா என்று பார்த்த அன்றே யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பணத்துக்கு விண்ணப்பியுங்கள். முதல் காசு வர ஐந்து வாரம் ஆகும். இடைக்கால முற்பணம் கேட்கலாம், பின்னர் மாதாமாதம் கழிப்பார்கள். வட்டியில்லா ஒருங்கிணைப்புக் கடனும் உண்டு: தனியாளுக்கு 100 முதல் 500 பவுண் வரை, தம்பதிக்கு 780 வரை. வீட்டு முன்பணத்துக்கும் தளபாடத்துக்கும் உதவும்.

வெளியேறும் கடிதம் கையில் வந்ததும் உள்ளூராட்சிச் சபையான கவுன்சிலுக்குப் போய் வீடிழக்கப்போகிறேன் என்று பதியுங்கள். 56 நாளுக்குள் வீடிழக்கக்கூடியவருக்கு உதவித் திட்டம் போட்டுத் தர வேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை. கடைசி நாள் வரை இருந்துவிட்டு வா என்றால் அது சரியல்ல. இங்கிலாந்தில் ஹோம் ஒஃபிஸ் கடைசியாக உங்களை வைத்திருந்த பகுதிதான் உங்கள் உள்ளூர்த் தொடர்பாகக் கணக்கிடப்படும். லண்டனில் சொந்தங்கள் இருக்கிறார்கள் என்று நேரே லண்டன் கவுன்சிலுக்குப் போனால் திருப்பி அனுப்பக்கூடும். மனநோய், வேறு கடும் வருத்தம் இருந்தால் ஜி.பி.யின் கடிதத்தைப் பதியும் நாளிலேயே கொடுங்கள். வீட்டுக்கான முன்னுரிமையைத் தீர்மானிக்க அது வேண்டும்.

எச்.சி.2 அதில் உள்ள திகதி வரை செல்லும். அதற்குப் பிறகு, யுனிவர்சல் கிரெடிட் எடுப்பவர் எல்லோருக்கும் மருந்து இலவசம் என்று நினைக்காதீர்கள். முந்திய மாத உழைப்பு 435 பவுணுக்குள் இருக்க வேண்டும். பிள்ளை இருந்தாலோ, வேலைசெய்ய இயலாதவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தாலோ 935 பவுண். வேலை தொடங்கி அந்த எல்லையைத் தாண்டியவர், அடுத்த முறை மருந்தகத்தில் இலவசப் பெட்டியில் அடையாளமிடும் முன் சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.